மாணாக்கர் மனத்துயரும் அந்தக்கரணச் செம்மையும்

திருச்சிற்றம்பலம்

சைவசித்தாந்த நூல்கள் வீடுபேற்றினை நோக்கி எழுந்தனவேயாயினும், உடம்போடு கூடி இவ்வுலகில் வாழும் உயிரின் நிலையை ஆராயாது விட்டனவல்ல. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களுள் நான்காவது, ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதனையும், அவற்றோடு கூடியே தொழிற்படும் என்பதனையும், ஐந்தவத்தைப்படும் என்பதனையும் உணர்த்துவது. அதன் பொருளைப் பல்லாண்டுகளாகப் பாடஞ்சொல்லி வந்த யாம், கல்லூரி மாணாக்கர் ஒருவரது உறக்கமற்ற இரவுக்கு அது மருந்தாகும் என்று எண்ணியதில்லை. எண்ணுமாறு செய்த நிகழ்ச்சி ஒன்றனை முதற்கண் கூறிப் பின்னர்ப் பொருளாராய்ச்சியிற் புகுவாம்.

நிகழ்ச்சி

நீலமலையின் தலைநகராகிய உதகமண்டலம் கடன்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்துள்ளது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1822-ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கல் பங்களா என்னும் மனை, 1955-இல் தோன்றிய அரசு கலைக்கல்லூரியின் வளாகத்தே இன்றும் நிற்கின்றது. மைசூர் நாட்டுச் சுத்தூர் வீரசைவத் திருமடத்தைச் சார்ந்த கல்வி நிறுவனம் 1980-இல் இங்கே மருந்தியற் கல்லூரியொன்றை நிறுவிற்று. அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பெற்றது. ஆகவே, குளிர்காற்றுக்காக வருவோர் ஊராக மட்டுமே பலர் எண்ணும் உதகை, கல்விக்காக வருவோர் ஊருமாகும்.

அங்ஙனம் கற்போருட் பலர் மலைநாட்டுத் தொழிலாளர் மக்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின் பயனாகத் தாயகந் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளித்தற் பொருட்டு, 1968-இல் அரசினர் தேயிலைத் தோட்டங்களை இம்மலையில் அமைத்தனர். அத்தகைய தோட்டங்களிற் கொழுந்து பறித்துக் கூலி பெறுவோர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, தன் பாடப் புத்தகத்தை மட்டுமா சுமந்து வருகின்றது? ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதையும் தன் தோளின்மேல் ஏற்றிக்கொண்டே வருகின்றது.

சில யாண்டுகட்கு முன்னர், ஒரு மழைக்காலத்தில், அன்பர் சிலர் வேண்டுகோட்கிணங்கி உதகையில் முப்பொருளிலக்கணம் பற்றி விரிவுரை நிகழ்த்தச் சென்றிருந்தோம். முடிவில் மாணாக்கர் ஒருவர் எழுந்து, "ஐயா, மனம் மாயையின் காரியம், சடம் என்கிறீர்கள். சடத்துக்கு ஏன் இவ்வளவு வலி?" என வினவினர். யாமோ, அதனைத் தருக்க வினாவாகவே கொண்டு, "தம்பி, வலி மனத்தினது அன்று, உயிர் நுகரும் பிராரத்தம். நுகர்ந்தே கழிதல் வேண்டும்" என்று விடை பகர்ந்து அடுத்த வினாவிற்குச் சென்றோம். அவையோர் தலையசைத்தனர், அம்மாணாக்கர் ஒன்றும் பேசாது அமர்ந்தார்.

அன்றிரவு அவருடன் விடுதியில் உறையும் தோழர் எம்மைத் தேடிவந்து உண்மையைக் கூறினர். இரண்டு பாடங்களில் அவர் தேறவில்லை; மாணாக்கர் வழக்கில் 'அரியர்' என்பது அதுவே. தோட்டத்தில் லைன் வீட்டிலுள்ள பெற்றோர்க்கு அதனைச் சொல்லாது மறைத்து, மூன்று கிழமையாகச் செவ்வையாக உறங்காமலும் உண்ணாமலும் இருக்கின்றார். "ஐயா, நீங்கள் சொன்னதைக் கேட்டபின் 'இது என் வினை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்" என்றனர் அத்தோழர். யாம் கூறியது நூலுக்கு மாறுபட்டதன்று. ஆயினும், கேட்டவர்க்குத் தீங்காயிற்று. எங்கே பிழைத்தோம் என்பதை ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

கருவியும் அதனைக் கொண்டு தொழில்செய்வோனும்

முதலாவது பிழை, 'சடம்' என்னுஞ் சொல்லை 'பொருட்படுத்தத்தகாதது' என்னும் பொருள்படும்படி விட்டமையாம். உமாபதிசிவனார் திருவருட்பயனில், மாயை தரும் உடல் முதலியவற்றை, கதிரவன் எழும்வரை இருளில் இருப்போர்க்கு உதவும் விளக்காக உவமித்தனர். விளக்கு கதிரவன் அன்று, அறிவுடையதும் அன்று. அதுபற்றி, எண்ணெய் வாராது திரி தூண்டாது விடுவார் உளரோ? விட்டால் இருளே எஞ்சும். கருவி சடமாயினும், ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு இறைவன் அருளாற் கூட்டிய ஒளி அது. அதனைப் பேணுதல் அவன் கொடையைப் பேணுதலேயாம். ஆதலின், தன்னுடல் மனங்களைக் காத்தல் தன்னலமென்றும் சோம்பரென்றும் மாணாக்கர் நாணற்க.

இனி, அந்தக்கரணம் நான்கும் தத்தம் தொழிலில் நிற்குமாறு காண்க. மனம் ஒன்றனைப் பற்றி, இதுவோ அதுவோ என ஐயுறும். அகங்காரம், 'யான்' என முனைந்து எழும். புத்தி, இன்னதென நிச்சயிக்கும். சித்தம், இடையறாது சிந்திக்கும். ஆன்மா இவற்றோடு நிற்கும் நிலைக்கு, அமைச்சரோடு கூடிய வேந்தனை உவமையாகக் கூறுதல் சித்தாந்த மரபு. அமைச்சர் வேந்தனல்லர், அவரின்றி வேந்தன் அரசியல் நடத்தலும் இல்லை.

துயருற்ற மாணாக்கரிடத்து நிகழ்வது யாது? ஒரு பாடத்திற் குறைந்த மதிப்பெண்ணை மனம் பற்றுகின்றது. புத்தி துணிதற்கு முன்னரே அகங்காரம் எழுந்து, 'இத்தேர்வில் தேறவில்லை' என்பதனை 'யான் உதவாதவன்' என்று மாற்றி உரைக்கின்றது. சித்தம் அதனையே நள்ளிரவிலும் சிந்தித்துக் கொண்டிருக்கின்றது. புத்தியாகிய அமைச்சன் அவையில் இல்லை. ஏனையோர் கூச்சலே அரசாகின்றது. மதிப்பெண் ஒரு தாளைப்பற்றிய செய்தியேயன்றி உயிரைப்பற்றிய தீர்ப்பு அன்று. உயிர் அம்மூவரில் ஒருவரும் அன்று என்னும் நான்காஞ் சூத்திரக் கருத்து, இவ்விடத்து வெறுந் தருக்கமன்று, பெரியதோர் ஆறுதலாகும்.

புத்தியை அவைக்கு மீட்டற்கு எளிய வழி ஒன்றுண்டு. மனத்துட் சுழலும் அச்சங்களை ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதுக. ஒவ்வொன்றன் எதிரிலும், 'இது நிகழ்ந்ததோ, நிகழுமென அஞ்சுவதோ? இன்று யான் செய்யக்கூடியது யாது?' என்னும் இரு வினாக்களுக்கு விடை எழுதுக. செய்யக்கூடியதனைச் சிறு பகுதியாக்கி, இன்று ஒரு பகுதி, நாளை ஒரு பகுதி எனக் கொள்க. மலைமேல் ஏறுவோன் சிகரத்தை நோக்கி அஞ்சுதலின், அடுத்த அடியை ஊன்றுதல் நன்று. பழந்தமிழ் மாணாக்கர் நூலைச் சூத்திரஞ் சூத்திரமாகப் பாடங் கேட்டதும் இம்முறையே.

உறக்கத்தின் இன்றியமையாமை

சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகளும், சொப்பனத்தில் இருபத்தைந்தும், சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றுமே நிற்கும் எனக் கீழாலவத்தையை நூல்கள் விரிக்கும். இக்கணக்கை ஏட்டில் ஒப்புவிப்போர், அதன் வாழ்க்கைப் பயனை நோக்குவதில்லை. பகல் முழுவதும் உழைத்த ஏவலருள் அம்மூன்றும் ஒழிய ஏனையோரெல்லாம் ஓயும் பொழுது சுழுத்தி. நாடோறும் இவ்வோய்வு உயிர்க்கு அமைந்தது தற்செயலன்று, திருவருளின் ஏற்பாடு. தேர்வு நெருங்கிற்றென்று இரவெல்லாம் விழித்துப் படிப்போர், அவ்வேற்பாட்டை மறுக்கின்றனர்.

இக்காலத்து மருத்துவரும், பகலிற் கற்றவை நினைவிற் பதிதற்கு உறக்கம் துணைசெய்கின்றதென்றும், இளைஞர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டுமென்றும் கூறுவர். ஆகவே, இராமுழுதும் விழித்தல் கற்றதைக் காப்பதன்று, கரைப்பதாம். படுக்குங் காலமும் எழுங் காலமும் நாடோறும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கைப்பேசியைப் படுக்கையினின்றும் எட்ட வைத்தல் வேண்டும். மாலைக்குப்பின் தேநீரும் காப்பியும் தவிர்த்தல் நன்று. தேயிலை விளையும் மலையிலிருந்துகொண்டு தேநீரைப் பழிக்கின்றோமென்று அன்பர்கள் வருந்தற்க. காலையில் அருந்தின் யாமும் உடனருந்துவோம். படுக்குமுன் திருநீறணிந்து திருவைந்தெழுத்தை மெல்ல எண்ணி, அன்றைய குறையையும் நிறையையும் இறைவனிடம் ஒப்புவித்தல் சைவர்க்கு இயல்பான முறை.

ஊணும் உடம்பும்

உடம்பை இழுக்கென எண்ணியிருந்தவர், அதனுள் இறைவன் உறைதலைக் கண்டபின் அதனைப் பேணலாயினர் என்னும் கருத்தைத் திருமூலநாயனார் திருமந்திரத்தில் அருளினர். உடம்பு இறைவன் கோயிலாயின், அதற்கு வேளைதோறும் அமுதூட்டல் பூசையின் உறுப்பாகும். காலையுணவை விட்டு வகுப்பிற்கு ஓடுதலும், விடுதியில் இரவுணவை வெறுத்தலும் மனத்துயரின் காரியமாய்த் தோன்றிப் பின் அதற்கே காரணமுமாகும்.

உதகையில் இதற்கு இன்னொரு சார்பும் உண்டு. தென்மேற்குப் பருவமழைத் திங்களில் மூடுபனி பலநாள் வெயிலை மறைக்கும். மார்கழி தை மாதங்களில் புல்மேல் உறைபனி வெண்மையாகப் படியும். சமவெளியிலிருந்து வந்த பிள்ளைகள் கம்பளிக்குள்ளே சுருண்டு அறைக்குள்ளே தங்கிவிடுவர். வெளிச்சமும் நடையுமின்றி உள்ளமும் மூடுபனியாகும். வெயில் தோன்றிய பொழுது அரைமணி நேரமேனும் புறத்தே நடத்தல் வேண்டும். காந்தலில் உள்ள காசிவிசுவநாதர் திருக்கோயிலுக்கு நடந்து சென்று வலம் வந்து மீளின், உடற்பயிற்சியும் வழிபாடும் ஒருங்கே கைகூடும். பிராணாயாமம் முதலியவற்றை நூல்கண்டு தாமே வலிந்து பயிலாது, அறிந்தோர்பாற் கேட்டே பயிலல் வேண்டும். அதுகாறும், மூச்சை அடக்காது மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதலே போதும்.

சார்பு

உயிரின் சிறப்பிலக்கணம் சார்ந்ததன் வண்ணமாதல். படிகம் தன்னருகு வைத்த மலரின் நிறத்தைக் காட்டுமாறு, உயிர் தான் கூடியதன் இயல்பாய் நிற்கும். ஆதலின் மாணாக்கர் எதனைச் சார்ந்து நாளைக் கழிக்கின்றனர் என்பது சிறு செய்தியன்று. பிறர் வெற்றியையும் மகிழ்ச்சியையும் மட்டுமே காட்டும் கைப்பேசித் திரையை நெடுநேரஞ் சார்ந்த உயிர், 'எல்லோரும் முன்சென்றனர். யானே பின்தங்கினேன்' என்னும் வண்ணத்தை ஏற்கும். தனிமையையே சார்ந்த உயிர் தனிமையின் வண்ணத்தை ஏற்கும். நற்றோழர் ஒருவரையேனும், செவிகொடுக்கும் ஆசிரியர் ஒருவரையேனும், அடியார் கூட்டத்தையேனும் சார்ந்த உயிர் மெல்லத் தெளியும். அடியாரிணக்கத்தை நம் நூல்கள் வற்புறுத்தியதன் உளநூற் பொருள் இதுவேயாம்.

பெற்றோரை அஞ்சி மறைப்போர்க்கு ஒரு சொல். கொழுந்துக் கூடையைத் தோளிற் சுமந்து மலைச்சரிவில் ஏறியிறங்கும் தாய்க்கு, மகன் தேர்வில் தவறினான் என்னுஞ் செய்தி வருத்தந் தரும். ஆயினும் அது தாங்கக்கூடிய வருத்தம். மகன் தனியே நைந்தான் என்பதனைப் பின்னர் அறிதலே அவளாற் பொறுக்கலாகாதது.

வினை பற்றிய ஆசங்கையும் விடையும்

அற்றேல், இன்பதுன்பங்கள் பிராரத்தத்தால் வருவனவாயின், அவற்றை மாற்ற முயலுதல் சித்தாந்தத்திற்கு முரணாகாதோ எனின், கூறுதும்.

கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தே, உடன்வந்த அடியார் குளிர்சுரத்தால் நடுங்கினர் என்று பெரியபுராணம் கூறும். அந்நிலத்தின் இயல்பு அதுவென அறிந்தும், 'நுகர்ந்து கழிக்க' என்று விடாது, சுவாமிகள் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினர். அடியார்க்கு மட்டுமன்றி அந்நாட்டிற்கே அச்சுரம் நீங்கிற்று. வினை என்று வாயாற் சொல்லிக்கொண்டு அதனின்று உய்யும் வழியை நாடாமலிருத்தல் குறையேயாம் என்பதே அப்பதிகத்து முதற்பாட்டின் கருத்து. வினைக்கொள்கை முயற்சியை விலக்குவதாயின், சமயாசாரியரே அதற்கு மாறாக ஒழுகினர் என்றாகும். அது பொருந்தாது. நோய் வினையால் வந்ததாயின், மருந்தும், மருத்துவரும், தேடிவந்த தோழரும் திருவருளால் வந்தனரென்று கொள்ளத் தடை யாது?

இன்னும், அப்பர் சுவாமிகள் சூலைநோயால் வருந்திய காலத்துத் தம் துன்பத்தைத் தாமே அடக்கிக் கிடந்தாரல்லர். தமக்கையார் திலகவதியார்க்கு ஆளனுப்பினர். அவர் வாராரென்று அறிந்தபின், ஏவலரைப் பற்றிக்கொண்டு இரவிலே தாமே திருவதிகைக்குச் சென்றனர். 'எனக்கு இயலவில்லை, உதவுக' என்று ஒருவரிடஞ் சொல்லுதல் இழிவாயின், திருநாவுக்கரசர் வரலாறு நமக்கு எங்ஙனம் கிடைத்திருக்கும்?

மற்றொரு மயக்கமும் உண்டு. 'தேறினும் தவறினும் எனக்கொன்றே' என்று சோர்ந்து கிடத்தலை இருவினையொப்பு எனச் சிலர் கருதுவர். இருவினையொப்பு அறிவு விளங்குதலால் வரும் சமநிலை. அதன்கண் அன்பும் செயலும் குன்றா. உண்ணவும் பேசவும் விருப்பமின்றி உள்ளம் மரத்துப்போதல் அதுவன்று. அது நோயின் குறி. இவ்விரண்டனையும் பிரித்தறியாது நோயாளியைப் பக்குவரெனப் பாராட்டுதல் பெருந்தீங்கு.

மருத்துவரை நாடுதல்

இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, முன் விரும்பியவற்றில் விருப்பின்மை, காரணமற்ற அழுகை, தன்னைப் பயனற்றவனாக எண்ணுதல் என்பன தொடரின், மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தோன்றினும், ஒரு பொழுதும் தாழ்க்கலாகாது. உடனிருப்போர் அவரைத் தனியே விடாது, அதுபற்றி வெளிப்படையாகவும் அன்பாகவும் வினவுக. வினவுதலால் அவ்வெண்ணம் வளராது, சுமை குறையும். 2022-ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசினரின் மனநல உதவி கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கின்றது, தமிழிலும் பேசலாம்.

இதனை வற்புறுத்துதற்குக் காரணமுண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணாக்கர் 13,044 பேர். ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் விளக்கு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்விட முயன்றோரைக் கடுந்துயருக்கு ஆளானவராகக் கருதிப் பேணுமாறு பணித்தது. உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உயர்கல்வி மாணாக்கர் மனநலத்தை ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றனை அமைத்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில், நூறு மாணாக்கரும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்கள் தகுதிவாய்ந்த உளநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தல் வேண்டுமென நெறி வகுத்தது. இவையெல்லாம் அரசின் கடன்.

மடங்கள் செய்யத்தக்கன

நம் கடன் யாது? தருமபுர ஆதீனம் 1946-ஆம் ஆண்டிலேயே மயிலாடுதுறைப் பகுதியிற் கலைக்கல்லூரி நிறுவிற்று. பேரூரில் 1953-இல் தமிழ்க் கல்லூரி தோன்றிற்று. கல்விச்சாலை கண்ட திருமடங்கட்குக் கற்போர் உள்ளத்தைக் காத்தலும் உரியதே. சட்டம் பணித்த ஆலோசகரைப் பெயரளவிலன்றி மெய்யாக அமர்த்துக. தேர்வுக் காலத்தே மாணாக்கர் அமைதியாக இருந்து படித்தற்கு ஓரிடமும், பசித்தோர்க்குச் சோறும் அளித்திடுக. விரிவுரை முடிந்ததும் விரைந்து புறப்படாது, செவிகொடுத்தற்கு முதியவர் ஒருவர் அங்கேயே அமர்ந்திருக்க. இவையனைத்தினும் முன்னாக, துன்புற்று வந்தோரிடம் வினையைப் பேசற்க. வினைக்கொள்கை தன் துன்பத்தை ஆராய்வோன் தனக்குத் தானே கூறிக்கொள்ளுதற்கு உரியது. பிறன் துன்பத்தைத் தள்ளுதற்கு அன்று. பிறர் துன்பங் கண்டவழி நமக்குரியது இரக்கமும் உதவியுமே. பாடஞ்சொல்லும் பண்டிதர்க்கு இதனினும் வேண்டிய பாடமில்லை என்பதனை யாம் காலந்தாழ்த்துக் கற்றோம்.

மறுநாட் காலையில் அம்மாணாக்கரைக் கண்டோம். சூத்திரம் ஒன்றும் உரைத்தோமில்லை. "தம்பி, நேற்று நீ கேட்ட வினாவை யான் சரியாகக் கேட்கவில்லை. இப்பொழுது சொல், கேட்கிறேன்" என்று மட்டுமே கூறினோம். நெடுநேரம் பேசினர். உடன் உண்டோம். பின்னர்த் தோழரும் யாமுமாக அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அன்று மாலை அவர் தந்தையார்க்கும் செய்தி சொல்லப்பெற்றது. தந்தையார் மலைப் பேருந்தேறி வந்து, மதிப்பெண்ணைப்பற்றி ஒரு சொல்லும் கேளாது, மகன் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த காட்சி எம் நெஞ்சை விட்டு அகலாதது.

தேறாத இரண்டு பாடங்களையும் அவர் ஓராண்டு கழித்து எழுதித் தேறினர். அது நன்றே. அவர் மீண்டும் உறங்கவும் உண்ணவும் தொடங்கினமை அதனினும் நன்று. இப்பொழுது எம்மைக் காணுங்கால், நான்காஞ் சூத்திரத்தைப்பற்றி வினவுகின்றார். யாமும் விடை கூறுமுன், வினவுவோர் முகத்தை நோக்கப் பழகியுள்ளோம்.

திருச்சிற்றம்பலம்